மேடைக்கென்றே பிறந்த பெடல்: ஐபனெஸ் டி.எஸ்.9 டியூப் ஸ்கிரீமர்

கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் (ஒலிபெருக்கிக்கும்) நடுவில் இணைத்து, காலால் மிதித்து ஒலியைக் கரகரப்பாக்கும் பெட்டியான ஐபனெஸ் டி.எஸ்.9 டியூப் ஸ்கிரீமர் பெடலை வாங்கிய முதல் வாரம், பணத்தை வீணாக்கிவிட்டோமோ என்ற கவலை என்னை அரித்துக்கொண்டிருந்தது. வீட்டில் சிறிய ஆம்ப்பில் இணைத்துத் தனியாக வாசித்தபோது பேஸ் மெலிந்து, மூக்கடைத்தவர் பேசுவதைப்போல ஒலி நடுவில் குவிந்து நின்றது. அடுத்த ஞாயிறு எங்கள் மெல்லிசைக் குழுவின் ஒத்திகையில், இரண்டு கீபோர்டு, பேஸ் கிட்டார், ரிதம் பேட், தபலா, டோலக் எல்லாம் சேர்ந்து முழங்கும் இடத்தில் அதே பெடலை அழுத்தினேன். ஆம்ப்பின் வால்யூமைத் தொடாமலேயே கிட்டாரின் ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாகப் பிரிந்து கேட்டது. அதன் பிறகு மேடைப் பெட்டியில் எத்தனையோ பெடல்கள் வந்து போயின. இது மட்டும் இடம் மாறவில்லை.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பெடலின் உள்ளே இருக்கும் சுற்றமைப்பு. கிட்டாரின் ஆறாவது கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் எழும் ஒலி ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ். மேடையில் அந்தக் கீழ்ப்பகுதியை பேஸ் கிட்டாரும், டோலக்கின் இடப்பக்கமும், கீபோர்டு வாசிப்பவரின் இடக்கையும் முன்பே நிரப்பிவிடுகின்றன. மேற்பகுதியை டிரம்ஸின் உலோகத் தகடுகளான ஹை-ஹாட்டும் சிம்பலும் எடுத்துக்கொள்கின்றன. டி.எஸ்.9இல் சிக்னலைப் பெருக்கும் பகுதி, 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்கப் பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. அதற்கு அடுத்துள்ள வடிகட்டியோ கிட்டத்தட்ட அதே 720 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளவற்றைத் தணிக்கத் தொடங்குகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒலி மேடாக எழும்புகிறது. கிட்டாருக்கு மற்ற வாத்தியங்கள் விட்டுவைத்திருக்கும் இடமும் பெரும்பாலும் அதுதான். வீட்டில் குறையாகத் தெரிந்தது மேடையில் நிறைவாக மாறுவது இதனால்தான்.

பாடகரின் குரலும் அந்தப் பகுதியில் வலுவாக இருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. பல்லவியும் சரணமும் ஓடும்போது பெடலை அணைத்து வைத்து, இடையிசை தொடங்கும் அரைத் தாளத்துக்கு முன் அழுத்துவதே என் வழக்கம். காலுக்கு வாகான அகலத் தகடு சுவிட்சாக அமைந்திருப்பதால், கீழே குனிந்து பார்க்காமல் செருப்போடு மிதித்தாலும் தவறுவதில்லை. இதற்கு முந்தைய மாடலான டி.எஸ்.808இல் இருந்த சிறிய சதுரப் பொத்தானைவிட இது மேடைக்கு எவ்வளவோ மேல் என்பேன்.

டிரைவ் (கரகரப்பின் அளவு), டோன் (ஒலியின் கூர்மை), லெவல் (வெளிவரும் ஒலியின் அளவு) என்று மூன்றே குமிழ்கள். டிரைவை முழுக்கத் திருப்பி, இதிலிருந்தே கனத்த டிஸ்டார்ஷனை எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அந்த நிலையில் இரைச்சலும் கூடிவிடுகிறது. நான் டிரைவைக் கடிகாரத்தின் ஒன்பது மணி இருக்கும் திசையிலும், டோனைப் பன்னிரண்டிலும், லெவலை இரண்டு அல்லது மூன்றிலும் வைக்கிறேன். டிரைவை முழுக்கக் குறைத்தாலும் இந்தப் பெடல் சிக்னலைப் பல மடங்கு பெருக்கிக்கொண்டுதான் இருக்கும் என்பதால், ஏற்கெனவே ஓரளவு கரகரக்கத் தொடங்கிய டியூப் ஆம்ப்பை (வெற்றிடக் குழாய்களால் இயங்கும் ஆம்ப்பை) இது மேலும் உந்தித் தள்ளுகிறது. மெட்டல் வாசிப்பவர்கள் டிரைவை அடியோடு குறைத்து லெவலை முழுக்க ஏற்றி, உறுமும் ஆம்ப்புக்கு முன்னால் இதை வைப்பதும் இந்தப் பயனுக்காகவே. பேஸ் குறைவதால் வேகமான ரிஃப்கள் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்குகள்) குழையாமல் இறுக்கமாக விழுகின்றன.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது விரலுக்கு அது கொடுக்கும் மரியாதை. ஒலி அலையின் உச்சிகளை வெட்டிக் கரகரப்பை உண்டாக்கும் டயோடுகள், ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சில்லின் பின்னூட்டப் பாதையில் அமைந்திருப்பதால், வெட்டுப்பட்ட ஒலியோடு கிட்டாரின் அசல் ஒலியும் கலந்தே வெளியே வருகிறது. மெதுவாக வருடினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் கரகரப்பாகவும் ஒலிக்கிறது. கிட்டாரின் வால்யூமைச் சற்றே குறைத்தால் கரகரப்பு தானாக அடங்குகிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் போன்ற சிங்கிள் காயில் கிட்டார்களுக்கு (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப் ஒற்றைச் சுருளாக உள்ளவற்றுக்கு) இது அருமையாகப் பொருந்துகிறது. இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கரில், அதுவும் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில், ஒலி மந்தமாகிவிடுவதால் டோனை ஏற்றியே தீர வேண்டும்.

இந்தச் சுற்றை வடிவமைத்தவர் ஜப்பானின் சுசுமு தமுரா. 1970களின் இறுதியில் டி.எஸ்.808 ஆக வந்தது, 1982இல் டி.எஸ்.9 ஆனது. இடையில் உற்பத்தி நின்று, 1990களில் மீண்டும் வந்தது. அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான், ஃபெண்டர் ஆம்ப்புகளுக்கு முன்னால் டியூப் ஸ்கிரீமரை வைத்து வாசித்ததே இதன் புகழுக்குப் பெரிய காரணம்.

நம் ஊர் மேடைகளில் வாசிப்பவர்கள் வாங்குமுன் கட்டாயம் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கோயில் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் பல நேரங்களில் கிட்டாருக்கென்று ஆம்ப் இருப்பதில்லை. வயரை நேராக மிக்சரில் செருகச் சொல்லிவிடுவார்கள். கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியைப் பெருமளவு மட்டுப்படுத்திவிடும். மிக்சரோடு இணைந்த பெரிய ஸ்பீக்கர்கள் அப்படிச் செய்வதில்லை. அதனால் டி.எஸ்.9இன் இனிய கரகரப்பு அங்கே தகர டப்பாவில் வண்டு சிக்கியதுபோல் இரைகிறது. இதற்குப் பெடலைக் குறை சொல்வது நியாயமில்லை. ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலி செய்யும் கேபினெட் சிமுலேட்டர் ஒன்றைக் கடைசியில் சேர்த்தால் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிடும். அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க முடியாதவர்கள், மேடையில் ஆம்ப்பும் கிடைக்காதவர்கள், இதை இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

மின்சாரத்திலும் கவனம் தேவை. 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவாக உள்ள அடாப்டர்தான் இதற்குப் பொருந்தும்; முனை மாறிய அடாப்டரை அவசரத்தில் செருகக் கூடாது. ஒருமுறை இதையும் எதிரொலி தரும் டிஜிட்டல் டிலே பெடலையும் ஒரே அடாப்டரில் இணைத்துவிட்டு மேடையேறினேன். பாட்டு நின்ற ஒவ்வொரு முறையும் கொசு ரீங்காரம்போல மெல்லிய ஊளைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டி.எஸ்.9ஐ மட்டும் பேட்டரிக்கு மாற்றியதும் சத்தம் நின்றது. மிகக் குறைந்த மின்சாரமே போதும் என்பதால் ஒரு நல்ல ஆல்கலைன் பேட்டரி பல கச்சேரிகளுக்குத் தாங்குகிறது. கச்சேரி முடிந்ததும் உள்ளீட்டு வயரைப் பிடுங்கிவிட வேண்டும். வயர் செருகியே இருந்தால் பெடல் அணைந்திருந்தாலும் பேட்டரி கரைந்துகொண்டிருக்கும்.

அணைத்த நிலையிலும் சிக்னல் இதன் பஃபர் (சிக்னல் வலுவிழக்காமல் தாங்கும் சுற்று) வழியாகவே செல்கிறது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. மேடையின் ஓரத்தில் இருக்கும் ஆம்ப்புக்கு நீண்ட வயர் இழுக்கும் எனக்கோ, உயர்ந்த ஒலிகள் வழியில் மங்காமல் போய்ச் சேர இந்த பஃபர் உதவியாகவே இருக்கிறது. உண்மையான குறை, மங்கிய வெளிச்சத்தில் குமிழ்கள் எங்கே நிற்கின்றன என்று தெரியாததுதான். என் பெடலில் மூன்று குமிழ்களின் ஓரத்திலும் வெள்ளை டேப்பைத் துண்டு துண்டாக நறுக்கி ஒட்டியிருக்கிறேன்.

இதே வகைச் சுற்றைக் கொண்ட பாஸ் எஸ்.டி.1 பெடல் விலை குறைவு. ஒலி அலையின் மேற்பாதியையும் கீழ்ப்பாதியையும் சமமற்ற விதத்தில் வெட்டுவதால் அதன் கரகரப்பு சற்று முரட்டுத்தனமாக இருக்கும். கையிருப்பு குறைவாக இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம். டி.எஸ்.9ஐப் பழையதாக வாங்குபவர்கள் ஆம்ப்பில் இணைத்து ஒவ்வொரு குமிழையும் முழுச் சுற்று திருப்பி, கரகரவென்று இரைகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பிறகு அடிப்புற மூடியைத் திறந்து, பேட்டரி கசிந்து பச்சை படிந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுப் பணத்தை எடுப்பது நல்லது.