வாசலில் ஒரு பூப்பேரி: 18 ஆண்டு அனுபவம்

பழத்துக்காக அல்லாமல் பூவழகுக்காக வளர்க்கும் பிராட்ஃபோர்டு வகைப் பேரிக் கன்றை வாசலோரம் நட்டு 18 ஆண்டுகள் ஆகின்றன. இன்று பாதி மரம்தான் நிற்கிறது.

அழகில் குறையே சொல்ல முடியாது. குளிர்காலம் முடிந்து மற்ற மரங்கள் மொட்டையாக நிற்கும்போதே, கிளை தெரியாமல் வெள்ளையாகப் பூத்துவிடும். இரண்டு வாரம் இருந்தால் அதிகம். இலையுதிர் காலத்திலும் கடைசியாகத்தான் நிறம் மாறும். அந்தக் கருஞ்சிவப்புக்காகவே காத்திருப்பேன். களிமண், புகை, வறட்சி எல்லாம் தாங்கும். குளிர்காலமே இல்லாத ஊருக்கு மட்டும் ஒத்துவராது. பூவில் மீன் கவிச்சி அடிக்கும் என்பதால் படுக்கையறை ஜன்னலருகே நடாதீர்கள்.

நான் வருந்துவது கவட்டையை நினைத்துத்தான். இந்த வகையில் கிளைகள் எல்லாம் தண்டில் ஏறக்குறைய ஒரே இடத்தில் கிளம்பி, நெருக்கியடித்து மேல்நோக்கிப் போகும். கிளை பருக்கப் பருக்க நடுவிலுள்ள பட்டை உள்ளே மாட்டிக்கொள்ளும். கட்டையும் கட்டையும் சேராது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. 16ஆம் ஆண்டில், மழையும் காற்றுமான ஓர் இரவில், மரம் கவட்டையோடு பிளந்து நடைபாதையில் விழுந்தது. காலையில் பிளவைத் தொட்டுப் பார்த்தேன். வெள்ளைக் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புப் பட்டைதான் இருந்தது. 15, 20 வயதில் இந்த மரம் பிளப்பது வழக்கம் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் ஐந்தாண்டிலேயே கவாத்து செய்திருக்க வேண்டும். நடுத்தண்டு ஒன்றை மட்டும் விட்டு, இடுக்கமாகக் கிளம்பும் கிளைகளை எடுத்து, மீதியை ஒன்றுக்கொன்று இடைவெளியோடு வளர்க்க வேண்டும். முட்டை வடிவில் தானாகவே அழகாக வளர்கிறதே என்று நான் கத்தரியைத் தொடவில்லை.

இன்னொரு தொல்லை விதை. 1963இல் இந்த வகை அறிமுகமானபோது முள்ளில்லாத, காய்க்காத மரம் என்றே நம்பினார்கள். தன் மகரந்தத்தால் அது காய்க்காதுதான். ஆனால் பக்கத்து வீட்டில் வேறொரு வகைப் பூப்பேரி வந்ததும் கொத்துக் கொத்தாகச் சுண்டைக்காய் அளவில் காய்த்தது. பறவைகள் தின்று போட்ட விதைகளில் வேலியோரம் முளைத்த கன்றுகளில் நீள நீளமாக முள். இது ஒட்டுக்கட்டிய மரம். ஒட்டுக்குக் கீழே, வேறு பேரியான அடிமரத்திலிருந்து கிளம்பும் துளிரை வளரவிட்டாலும் அது பூத்து, மகரந்தம் தந்து இதே வேலையைச் செய்யும். காடுகளுக்குப் பரவியதால் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் 2023இலும் பென்சில்வேனியா 2024இலும் விற்பனையைத் தடை செய்தன. அது சரியான முடிவென்றே நினைக்கிறேன். இதே பேரியின் இன்னொரு வகையான சாண்டிக்ளியர் அவ்வளவு சுலபமாகப் பிளக்காது, ஆனால் விதைத் தொல்லைக்கு அதுவும் துணைபோகும். இனி யார் கேட்டாலும் பேரி வேண்டாம், அவரவர் மண்ணுக்குரிய பூமரம் ஒன்றை நடுங்கள் என்றுதான் சொல்வேன்.

மிச்சமிருக்கும் பாதி இந்த முறையும் நிறையப் பூத்தது. பூ உதிர்ந்ததும் வெட்டுவதாக இருக்கிறேன். வெட்டிய உடனே அடிக்கட்டையில் களைக்கொல்லி தடவ வேண்டும். விட்டால் சுற்றிலும் புதராகத் துளிர்த்துவிடும்.