கடையத்துக்கு அப்பால் ஓர் இயற்கை மருத்துவ நிலையம்

திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை செல்லும் ரயிலில் கீழக்கடையத்தில் இறங்கி, மலையடிவாரத்தை நோக்கி ஆட்டோவில் சென்றால், தோப்புகளுக்கு நடுவே அந்த இயற்கை மருத்துவ நிலையம் வந்துவிடும். பாரதி 1918 முதல் 1920 வரை வாழ்ந்த, செல்லம்மாளின் ஊரான கடையத்தைக் காண வேண்டும் என்ற பழைய ஆசையும் எனக்கு இருந்தது. ஆனால், கனடாவிலிருந்து வந்த நான் அங்குத் தங்கியதற்கு உண்மையான காரணம், நெடுங்காலமாகச் சர்க்கரைக்கு மாத்திரை உட்கொண்டு வரும் என் அக்காதான்.

வரவேற்பறையில் முதல் தாமதம் ஏற்பட்டது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் தங்கினால், அவ்விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிப்பது தங்குமிடத்தாரின் கடமை. இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவரும் இதற்கு விலக்கல்லர். அங்கே நகலெடுக்கும் இயந்திரம் இல்லாததால், கடவுச்சீட்டு நகலுக்காகக் கடையம் கடைத்தெருவுக்குத் திரும்பிப் போக நேர்ந்தது. நகல்களை முன்பே எடுத்துச் செல்வது நல்லது.

அவர்கள் தந்த துண்டறிக்கை, சர்க்கரை நோயை வேரோடு அகற்றுவதாக அறிவித்தது. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்திருக்கும் நாட்டில், மருந்தே தராத இடம் என்றாலும் இப்படி எழுதுவது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ஆனால், ஐந்தரை ஆண்டுகள் இயற்கை மருத்துவமும் யோகாவும் படித்துப் பட்டம் பெற்ற அங்குள்ள பெண் மருத்துவரோ, அக்காவின் மாத்திரைகளை எல்லாம் மேசைமேல் எடுத்து வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றின் பெயரையும் குறித்துக்கொண்டு, "மாத்திரையை நிறுத்துவது உங்கள் டாக்டர் எடுக்க வேண்டிய முடிவம்மா, நான் சாப்பாட்டை மட்டும்தான் மாற்றுவேன்" என்றார். சில சர்க்கரை மாத்திரைகளுடன் பட்டினி சேர்ந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும் என்பதால், அக்காவுக்கு உபவாசம் கிடையாது என்றும் முடிவாகச் சொல்லிவிட்டார். அக்காவுக்கு இதில் சற்று ஏமாற்றம். எனக்கோ அந்த இடத்தின்மேல் நம்பிக்கை வந்ததே அப்போதுதான்.

சிகிச்சை மிக எளிமையானது. விடியற்காலையில் யோகா, பிறகு வயிற்றிலும் கண்களிலும் ஈர மண் பட்டி, அதன் பின் இடுப்புக் குளியல். தொட்டியில் தொப்புள் வரை குளிர்ந்த நீர் நிற்க, கால்களை வெளியே நீட்டி அமரும் இம்முறை ஜெர்மனியின் லூயி கூனே பரப்பியது. அதைத் தாமும் கடைப்பிடித்த காந்தி, 1946இல் புனே அருகே உருளிகாஞ்சனில் இயற்கை மருத்துவப் பணியைத் தொடங்கிவைத்தார். எனக்கு மட்டும் ஒரு நாள் வாழை இலைக் குளியல் தந்தார்கள். வெயிலில் இலைகளுக்குள் சுற்றப்பட்டுக் கிடந்தபோது, பொங்கலன்று கொத்துக்கட்டிய கரும்பைப் போல அசைய முடியாமல் இருந்தேன்.

உணவு வெண்பூசணிச் சாறு, முளைகட்டிய பயறு, தேங்காய், பழங்கள் என்ற அளவில்தான். உப்பு அறவே இல்லை. இவற்றில் எதற்கும் மலையடிவாரம் தேவையில்லை. கனடாவின் ஸ்கார்பரோவிலும் வெண்பூசணி கிடைக்கிறது. வீட்டில் நம்மால் இயலாத நேர ஒழுங்குக்குத்தான் இங்கே பணம் கொடுக்கிறோம் என்பது என் கணிப்பு.

சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து பணிபுரியும் பெண்கள் பொறுமையும் கைப்பக்குவமும் உடையவர்கள். பழைய குடில்களில் தரைமட்டக் கழிப்பறைகளே உள்ளன. மூட்டுவலிக்காரர்கள் முன்பதிவின்போதே புதிய குடிலைக் கேட்டுப் பெற வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருவோருக்குத் தனிக் கட்டணம் என்பது இறுதி ரசீதைப் பார்த்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அறையை அக்காவின் பெயரில் பதிந்திருந்ததைச் சுட்டிக்காட்டிய பிறகு, வாக்குவாதமின்றி அறை வாடகையை மட்டும் உள்ளூர்க் கணக்குக்கு மாற்றிக் கொடுத்தார்கள். என் சிகிச்சைக் கட்டணம் மாறவில்லை.