விடிகாலை 4.10-க்கு மயாமி: ஒரு பேஸ்பால் சந்தாவும் காலி இருக்கைகளும்

பல்லடத்தில் இருந்துகொண்டு அமெரிக்க பேஸ்பாலுக்குச் சந்தா கட்டுவது வீண் செலவில்லையா என்று மில்லில் சிலர் கேட்கிறார்கள். இல்லை. எம்.எல்.பி. டி.வி., அதாவது அமெரிக்க பேஸ்பால் லீக்கின் ஆட்டங்களை இணையத்தில் காட்டும் சந்தா, கொடுக்கிற காசுக்குத் தகுந்த பொருள்தான். அதிலும் புளோரிடா மாநிலத்து மயாமி மார்லின்ஸ் அணியின் ஆட்டங்களைப் பாருங்கள் என்று தைரியமாகச் சொல்வேன். கூட்டம் வராத அணி என்று பெயர் வாங்கிய அணி அது. அதனால்தான் சொல்கிறேன்.

முதலில் நேரக் கணக்கு. மயாமியில் வார நாள் மாலை 6.40-க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு விடிகாலை 4.10. முன்பெல்லாம் ஒரு ஆட்டம் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். 2023-ல் பந்து வீசுவதற்கு நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள், மைதானத்திலேயே கடிகாரம் ஓடுகிறது. இப்போது சராசரியாக இரண்டே முக்கால் மணிக்குள் முடிகிறது. ஏழு மணிக்கு டி.வி.யை அணைத்துக் குளித்து, டிபன் சாப்பிட்டு மில்லுக்குப் போக நேரம் சரியாக இருக்கிறது.

இரண்டு அணிகளின் ஒளிபரப்பில் எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். படத்துக்கு மேல் ரேடியோ வர்ணனையை வைத்துக்கொள்ளலாம். தமிழ் வர்ணனை கிடையாது. எனக்குப் பிடித்த வசதி, வர்ணனையை முழுக்க நிறுத்திவிட்டு மைதானத்துச் சத்தத்தை மட்டும் கேட்பது. கூட்டம் குறைந்த நாளில் பந்து கையுறையில் விழும் சத்தம் நன்றாகக் கேட்கும். அமெரிக்காவுக்குள் உள்ளூர் அணியின் ஆட்டத்தை இந்தச் சந்தாவில் பார்க்க முடியாதபடி பல காலம் தடை வைத்திருந்தார்கள். மயாமிக்காரருக்கு அடைபட்ட ஆட்டம் பல்லடத்தில் தடையில்லாமல் ஓடியது. கட்டணம் டாலரில். சீசன் பாதி ஓடிய பிறகு வாங்கினால் குறையும்.

எதிர்வீட்டு அண்ணன் விசைத்தறி வைத்திருக்கிறார். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறபோது எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தால் வந்து உட்காருவார். காமிரா ஒரு சுற்று சுற்றினால் நீல நிற இருக்கைகள் வரிசை வரிசையாகக் காலி. "ஏனுங் தம்பி, இத்தன சேரு சும்மா கெடக்குது? அங்கயும் நம்மூராட்டம் வெயிலுங்களா?" என்றார். எல்லோரும் கேட்கிற கேள்விதான் இது. அமெரிக்காவிலும் வெயிலைத்தான் முதலில் சொல்கிறார்கள். எனக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் என் தொழிலே காற்றைப் பக்குவப்படுத்துவது. ஸ்பின்னிங் மில்களுக்கு ஹியூமிடிட்டி பிளாண்ட், அதாவது உள்ளே காற்றின் ஈரத்தை ஒரே அளவில் வைக்கும் அமைப்பு, போடுகிறேன்.

நம்மூரில் சித்திரை மத்தியானம் 38 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏர் வாஷரில் தண்ணீர் தெளித்து அந்தக் காற்றை உள்ளே விட்டால் 26 டிகிரி பக்கமாக வந்துவிடும். காய்ந்த காற்று தண்ணீரைக் குடித்துக் குளிரும். மயாமியில் இந்த வழி உதவாது. கடலோரம், கோடை முழுக்க ஈரம் நிறைந்த காற்று. வியர்வையே உடம்பில் காயாது, சாரல் எங்கே காயும்? அங்கே சில்லர் என்கிற குளிரூட்டும் இயந்திரம் வைத்துத்தான் ஆக வேண்டும். கூடவே தெற்கு புளோரிடாவில் கோடைப் பிற்பகல்களில் இடியோடு மழை அடிக்கடி வரும். மார்லின்ஸ் அணி 1993-ல் தொடங்கி 2011 வரை ஆடியது கூரையில்லாத ஒரு அமெரிக்கப் புட்பால் மைதானத்தில். நனைந்தும் வெந்தும்தான் ஜனங்கள் பார்த்தார்கள்.

இதற்கு முதலில் தீர்வு தேடிய ஊர் ஹூஸ்டன். 1965-ல் ஆஸ்ட்ரோடோம் என்று முழு மைதானத்துக்கும் கூரை போட்டு ஏ.சி. வைத்தார்கள். புல் வளர வேண்டுமே என்று கூரையில் ஒளி புகும் பலகைகளைப் பதித்தார்கள். உயரே போன பந்து அந்த வெளிச்சம் கண்ணைக் கூசியதில் ஆட்டக்காரருக்குத் தெரியவில்லை. பலகைகளுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். வெளிச்சம் குறைந்து புல் செத்தது. 1966-ல் செயற்கைப் புல் விரித்தார்கள். இன்று உலகமெங்கும் பள்ளி மைதானம் வரை விரிக்கிற அந்தச் சமாச்சாரத்தை ஊரறியச் செய்தது இந்த மைதானம்தான். பிளாண்ட் போடுகிறவன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும், அதையும் சரிசெய்ய வேண்டும். ஆனால் சரிசெய்துவிட்டார்கள்.

மயாமியும் 2012-ல் சரிசெய்தது. லிட்டில் ஹவானா பகுதியில், பழைய ஆரஞ்சு பவுல் மைதானம் இருந்த இடத்தில், நகர்த்தித் திறக்கும் கூரையோடு புது மைதானம். சுமார் 37 ஆயிரம் பேர் உட்காரலாம். கூரையை மூடினால் உள்ளே 24 டிகிரி அளவில் வைத்திருப்பார்கள். அவ்வளவு பெரிய வெற்றிடத்தை அந்த ஊர் ஈரத்தில் அப்படி வைத்திருப்பது லேசான வேலையில்லை. காமிரா கூரைப் பக்கம் போகிறபோது அண்ணனை "கொஞ்சம் இருங்க" என்று நிறுத்திவிட்டுப் பார்ப்பேன்.

இப்போது எண்களைப் பாருங்கள். 1993-ல், வெயிலிலும் மழையிலும் கூரையில்லாமல் ஆடிய முதல் ஆண்டில், வந்தவர்கள் 30 லட்சத்துக்கு மேல். கூரையும் ஏ.சி.யும் உள்ள மைதானத்தில், 2018-ல், 8.11 லட்சம். சொந்த ஊரில் ஒரு சீசனுக்கு 81 ஆட்டம், ஆக ஓர் ஆட்டத்துக்குப் பத்தாயிரம் பேர். அதுவும் விற்ற டிக்கெட்டின் கணக்கு. வந்து உட்கார்ந்தவர்கள் அதைவிடக் குறைவாகவே இருப்பார்கள். அப்படியானால் ஆட்களை விரட்டியது வெயில்தான் என்று எப்படிச் சொல்வது?

நடந்தது இதுதான். 1997-ல், பிறந்து ஐந்தாவது சீசனிலேயே, மார்லின்ஸ் உலகத் தொடரை, அதாவது லீக்கின் இறுதிக் கோப்பையை, வென்றது. வென்ற கையோடு அப்போதைய உரிமையாளர் வேய்ன் ஹூய்சங்கா நட்சத்திர ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டார். அடுத்த ஆண்டு 108 தோல்வி. 2003-ல் மறுபடி சாம்பியன். இரண்டு ஆண்டு கழித்து மறுபடி கலைப்பு. பிறகு புது மைதானம் கேட்டார்கள். 60 கோடி டாலரைத் தாண்டிய செலவில் பெரும்பங்கு மக்களின் வரிப்பணம். அந்தக் கோபமும் வரி உயர்வும் சேர்ந்து, மயாமி-டேட் கவுன்டி மேயர் கார்லோஸ் அல்வாரெஸை 2011-ல் வாக்காளர்களே ஓட்டுப் போட்டு இறக்கினார்கள். 2012-ல் மைதானம் திறந்தது, 22 லட்சம் பேர் வந்தார்கள். அந்த நவம்பரிலேயே அப்போதைய உரிமையாளர் ஜெஃப்ரி லோரியா, புதிதாக வாங்கி வந்த ஆட்டக்காரர்களையும் சேர்த்துப் பலரை ஒரே மூச்சில் டொராண்டோ அணிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு 16 லட்சத்துக்கும் கீழே. 2017-ல் அணி கைமாறியது. அந்த ஆண்டில் 59 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்த ஜான்கார்லோ ஸ்டான்டன் டிசம்பரில் நியூயார்க் போனார். அடுத்த மாதம் கிறிஸ்டியன் எலிச் மில்வாக்கி போனார். போன முதல் வருடமே, அந்த 2018-லேயே, எலிச் தன் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். மயாமியில் அவர் பெயர் போட்ட பனியனை ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த அப்பன் தன் பையனிடம் என்ன சொல்லியிருப்பான்? எனக்கு இது வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது.

நூல் சுற்றிய கோனில் எடை குறைத்து அனுப்பிய மில்லுக்குத் திருப்பூர்க்காரர் மறுபடி ஆர்டர் கொடுக்க எத்தனை வருடம் ஆகும்? மில்லில் என்னதான் புது மெஷின் இறக்கினாலும் அந்தப் பழைய கோனைத்தான் அவர் நினைப்பார்.

பார்க்கத் தகுந்த ஆட்டம் என்றால் வருகிற ஜனம்தான் மயாமி ஜனம். 2023 மார்ச்சில் நாடுகள் மோதும் உலக பேஸ்பால் கிளாசிக் இறுதிப் போட்டி அதே மயாமி மைதானத்தில் நடந்தது. ஜப்பானும் அமெரிக்காவும் மோதின. 36 ஆயிரம் பேர், இடம் நிறைந்துவிட்டது. கடைசியில் ஜப்பானின் ஷோஹேய் ஓடானி பந்து வீசி அமெரிக்காவின் மைக் டிரௌட்டை அவுட் செய்ய, ஜப்பான் 3-2 என்று வென்றது. இதைப் பிறகு வீடியோவில் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டிவைத்துப் பாருங்கள்.

டெக்ஸஸ் கதையும் இதற்கு ஒத்துப்போகிறது. டல்லாஸ் பக்கம் ஆர்லிங்டனில் ஆகஸ்டில் 40 டிகிரியைத் தொடும் நாட்களும் உண்டு. ரேஞ்சர்ஸ் அணி கூரையில்லாத மைதானத்தில் ஆடிய காலத்தில், 2010, 2011 இரண்டு வருடமும் உலகத் தொடர் வரை போனது. அடுத்த வருடம் அந்த வெயிலிலேயே 34 லட்சத்துக்கு மேல் வந்தார்கள். நம் பண்ணாரி குண்டத்துக்குப் பங்குனி வெயிலில் லட்சக்கணக்கில் காத்து நிற்கிற ஜனத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் ஆச்சரியமில்லை. அதற்காக வெயில் ஒன்றுமேயில்லை என்று சொல்ல மாட்டேன். அந்த மைதானம் கட்டி 26 வருடத்தில் அதை விட்டுவிட்டு, 2020-ல் பக்கத்திலேயே கூரை போட்ட புதிய மைதானத்துக்கு மாறினார்கள், முக்கியக் காரணம் வெயில். குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறவருக்குக் கூரை பெரிய உதவி. பாதி மனதோடு இருப்பவரை வீட்டிலேயே உட்கார வைக்க வெயிலால் முடியும். மனது வைத்துவிட்டவரை முடியாது.

புளோரிடாவின் இன்னொரு அணியான டாம்பா பே ரேஸின் நோவு வேறு. அவர்களுடைய டிராபிகானா மைதானம் 1990-லேயே கூரையோடும் ஏ.சி.யோடும் வந்துவிட்டது. அணி நன்றாகவும் ஆடியது. 2023-ல் 99 வெற்றி. ஆனால் அந்த அக்டோபரில் பிளேஆஃப் முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 19,704 பேர்தான். கொரோனா ஆண்டு நீங்கலாக 1919-க்குப் பிறகு இவ்வளவு குறைந்த கூட்டம் பிளேஆஃபில் இல்லை. காரணம், மைதானம் இருப்பது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். டாம்பாவிலும் அதற்கு அப்பாலும் இருப்பவர்கள் வேலை விட்டு வரும் நேரத்தில் விரிகுடாப் பாலத்தில் ஊர்ந்து வர வேண்டும். அந்த பிளேஆஃப் ஆட்டமோ வார நாள் மத்தியானம் மூன்று மணிக்கு வைத்தது. புளோரிடாவில் பாதிப்பேர் வேறு மாநிலத்திலிருந்து குடிவந்தவர்கள் போலிருக்கும், அவர்கள் மனது பிறந்த ஊர் அணியோடுதான். நியூயார்க் யாங்கீஸ் வந்தால் மைதானம் நிறையும், கைத்தட்டல் யாங்கீஸுக்கு. 2024 அக்டோபரில் மில்டன் சூறாவளி டிராபிகானா கூரையைக் கிழித்துப் போட்டது. 2025 சீசனை டாம்பாவில் சுமார் பத்தாயிரம் பேர் கொள்ளும் திறந்த மைதானத்தில் ஆடினார்கள். கோடை மழைக்குப் பயந்து, சொந்த ஊர் ஆட்டங்களைச் சீசன் தொடக்கத்திலேயே நிறைய வைத்துக்கொண்டார்கள்.

ஒரு கிளைக்கதை, நூல்காரர்களுக்காக. பேஸ்பால் பந்துக்குள் கார்க்கும் ரப்பரும், அதைச் சுற்றிக் கம்பளி நூல், மேலே 108 இரட்டைத் தையல் போட்ட தோல். நூல் காய்ந்தால் பந்து அதிகம் துள்ளும், ஹோம் ரன் கூடும். அதனால் பாலைவன ஊரான பீனிக்ஸில் 2018 முதல் பந்துகளை ஈரப்பத அறையில் வைத்து எடுக்கிறார்கள். 2022-ல் 30 மைதானங்களுக்கும் அந்த அறை வந்துவிட்டது. பொதுவாக வைப்பது 57 சதவீதம். மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேம் டிபார்ட்மெண்டில் நான் பிடித்து வைக்கிற அளவும் கிட்டத்தட்ட அதுதான்! இதை அறிந்த நாளிலிருந்து அந்தப் பந்து எனக்குச் சொந்தக்காரப் பந்து.

இந்த ஆட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் கோயம்புத்தூர் ஒண்டிப்புதூர் நினைவு வருகிறது. அங்கே சர்வதேச கிரிக்கெட் மைதானம் கட்டும் பேச்சு 2024-லிருந்து நடக்கிறது. பல்லடத்திலிருந்து சூலூர் வழியாக எங்கள் திருச்சி ரோட்டிலேயே வரும் ஊர். 2025-ல் டி.என்.பி.எல். கோப்பையை வென்றது திருப்பூர் தமிழன்ஸ், ஆனால் அந்த சீசனில் திருப்பூரில் ஓர் ஆட்டமும் இல்லை. ஆகவே மைதானம் வந்தால் எனக்குச் சந்தோஷம். ராத்திரி பதினொன்றரைக்கு ஆட்டம் முடிந்தால் பல்லடத்துக்கும் பொள்ளாச்சிக்கும் அவிநாசிக்கும் பஸ் உண்டா, சிங்காநல்லூர் நெரிசலில் எத்தனை நேரம், மேற்குப் பக்க இருக்கைகளுக்கு நிழல் எது என்பதை வரைபடம் போடும்போதே பார்த்துவிடுங்கள் என்று அந்த வேலையில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வருகிற ஊர் இது. கட்டடத்தை அந்தக் காற்றுக்குத் திறந்துவைத்தாலே பாதிக் குளிர்ச்சி இலவசம்.

சரி, சந்தாவுக்கு வருகிறேன். கிரிக்கெட் தெரிந்தவருக்கு ஆட்டம் சீக்கிரம் பிடிபடும். விடிகாலை எழ முடியாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தோது. அங்கே மத்தியானம் 1.40 என்றால் நமக்கு ராத்திரி 11.10. டெக்ஸஸ் ஆட்டம் 7.05-க்குத் தொடங்கினால் நமக்கு 5.35, நடைப்பயிற்சியைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு அது. முழு ஆட்டத்தையும் பிறகு பார்க்கலாம், சுருக்கிய வடிவமும் உண்டு. அப்படிப் பார்ப்பதானால் ஸ்கோரை மறைக்கும் வசதியை முதலிலேயே செட்டிங்கில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் திறந்ததும் முடிவு கண்ணில் பட்டுவிடும்.