ஆன்லைன்ல "நாட்டு விதை காம்போ" வாங்கறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

மாடித்தோட்டம் போடுற எல்லாரும் கவனிங்க. இன்ஸ்டால "40 வகை நாட்டு விதை, வெறும் 199 ரூபா"ன்னு ஓடுற விளம்பரத்துல ஆடிப்பட்டத்துக்குன்னு ஆர்டர் போட்டேன், வந்தது குட்டி குட்டி ஜிப் கவர், மேல மார்க்கர்ல பேர் மட்டும் கிறுக்கியிருக்கு. முளைப்புத்திறன் எத்தனை சதவீதம்னு போடல, பரிசோதனை தேதி இல்ல, லாட் நம்பரும் இல்ல. குழித்தட்டுல போட்டதுல தக்காளி அங்கொன்னும் இங்கொன்னுமா வந்துச்சு, மிளகாயும் வெங்காயமும் சுத்தம், ஒன்னுகூட தலை காட்டல.

வாட்ஸ்அப்ல கேட்டா "தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டீங்க மேடம்". அடுத்து "கோகோபீட்ட (தேங்கா நார் தூள்) கழுவலையா, உப்பு இருக்கும்". அதுக்கப்புறம் "வெயில் பத்தல". இதெல்லாம் நிஜமாவே வர்ற பிரச்சனைங்கதான், அதனாலதான் முக்காவாசி பேரு நம்ம கைராசி அவ்ளோதான்னு விட்டுடறாங்க. ஆனா அதே தட்டுல அதே கோகோபீட்ல பக்கத்து வரிசைல போட்ட எங்க அத்தை வீட்டு மிளகாய் மட்டும் ஜம்முன்னு நிக்குதே, அது எப்படி?

குழிய கிளறி பார்த்தா விதை அழுகிதான் கிடக்கும், செத்த விதையும் ஈரத்துல அழுகத்தான் செய்யும், அத வச்சு சண்டை போட முடியாது. முளைச்சு வந்து கழுத்துகிட்ட சூம்பி சாஞ்சா மட்டும் அது நாற்றழுகல், பெரும்பாலும் தண்ணி தேங்கறதால வர்றது. அதனால மீதி விதைய ஈர டிஷ்யூல மடிச்சு டப்பால மூடி வெச்சேன். மண்ணு, கோகோபீட்டு, வெயிலு எதையும் இழுக்க முடியாதுல்ல. மிளகாய்க்கு 2 வாரம் தாராளம். பூஞ்சை பூத்ததுதான் மிச்சம். போட்டோ அனுப்பினேன், ப்ளூ டிக் வந்துச்சு, அடுத்து பிளாக்.

என் கணக்குல இது பழைய ஸ்டாக். வெங்காய விதை ஒரு வருஷம் தாண்டினாலே முளைப்பு விழுந்துடும், தக்காளி 3, 4 வருஷம் தாங்கும், எனக்கு வந்ததும் அந்த மாதிரியேதான்.

ஒழுங்கான பாக்கெட்ல முளைப்புத்திறன், பரிசோதனை பண்ண தேதி, எதுவரைக்கும் செல்லும்னு எல்லாம் அச்சடிச்சிருக்கும். சான்று விதைன்னா (விதைச்சான்று துறை சோதிச்சு சான்று குடுத்தது) முளைப்புத்திறன் தக்காளிக்கு குறைஞ்சது 70%, மிளகாய்க்கு 60% இருக்கணும். காசு கட்டறதுக்கு முன்னாடி லேபிள் போட்டோ கேளுங்க, "இது நாட்டு விதை, லேபிள் வராது"ன்னு மழுப்பினா அப்படியே விட்ருங்க. நான் நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் குடுத்திருக்கேன், இன்னும் பதில் வரல.

அந்த ஆளு இப்ப வேற பேர்ல பேஜ் ஆரம்பிச்சு ப்ளூ ஸ்ட்ராபெர்ரி விதை வித்துட்டிருக்காரு. ப்ளூ ஸ்ட்ராபெர்ரின்னு ஒரு பழமே கிடையாதுங்க, அதுக்கும் கீழ 'பிரைஸ் ப்ளீஸ்'னு கேட்டுட்டிருக்காங்க நம்மாளுங்க.