போடிமெட்டு ஏறும் வழியில் ஒரு 70–200: மலைப்படங்களுக்கான லென்ஸ் மதிப்புரை

மலைப்பாதையில் காரில் போகிறவர்கள் பெரும்பாலும் அகலமான காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸைத்தான் கேமராவில் மாட்டி வைத்திருப்பார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இடம் கிடைத்த ஓரங்களில் எல்லாம் நின்று எடுத்த படங்களை வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், அடியில் தடுப்புச் சுவரும் அதற்கு மேல் மின்கம்பியும் நடுவில் விரற்கடை உயரத்துக்கு மலையும் இருக்கும். மீதி இடம் முழுவதும் வெளிறிய வானம். நேரில் சுவர் போல எழுந்து நின்ற மலை படத்தில் ஒரு கோடாகச் சுருங்கிவிடும். இந்தக் குறையைத் தீர்த்து வைத்தது கேனான் நிறுவனத்தின் ஈஎஃப் 70–200 மி.மீ. எஃப்/4 எல் ஐஎஸ் யுஎஸ்எம் லென்ஸ். பழைய லென்ஸாக வாங்கி, 6டி கேமராவில் மாட்டி, தேனி–மூணாறு பாதையிலும் பொள்ளாச்சி–வால்பாறைப் பாதையிலும் பல முறை பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

சாலைப் பயணத்தில் படம் எடுப்பவருக்கு நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மிகக் குறைவு. மலையேறுபவர் இன்னும் நூறு அடி நடந்து முன்னால் இருக்கும் புதரைத் தாண்டிவிடலாம். நமக்கோ வண்டியை ஒதுக்க முடிகிற இடம்தான் நிற்கும் இடம். அங்கிருந்து வேண்டாததை விலக்கவும் வேண்டியதை நெருக்கவும் லென்ஸ் மட்டுமே துணை. லென்ஸின் குவியத் தூரம், அதாவது அதன் மி.மீ. எண், கூடக்கூடத் தொலைவு நெருங்கிக் காட்சியின் அகலம் குறையும். 70 மி.மீ. குவியத் தூரத்தில் மூலைக்கு மூலை 34 பாகை அகலம் தெரியும், 200-இல் 12 பாகை மட்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மலையின் தோள், பள்ளத்தாக்கின் வாய், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் முகடுகள் ஆகிய எல்லாமே அடங்கிவிடுகின்றன. என் மலைப்படங்களில் நன்றாக அமைந்தவற்றை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை 100-க்கும் 150-க்கும் இடையில் எடுக்கப்பட்டவையாக இருக்கின்றன.

இதன் எடை 760 கிராம். இதே குவியத் தூரம் கொண்ட எஃப்/2.8 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய ஒளித் துவாரம் பெரிது) ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ இருக்கும். ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, வெளிச்சத்துக்காக இரண்டு மடங்கு எடையைச் சுமப்பது திருமணப் படங்கள் எடுப்பவருக்குத் தேவைப்படலாம்; எஃப்/8-இல் மலையை எடுப்பவருக்கு அதனால் பயன் இல்லை. காரில் முன் இருக்கையில் மடியிலேயே வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார முடிகிறது என்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் பின் இருக்கைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து மாட்டி முடிப்பதற்குள் மேகம் முகட்டை மூடிவிட்ட அனுபவம் மலையில் படம் எடுத்த எவருக்கும் இருக்கும். ஜூம் செய்யும்போது இதன் நீளம் மாறுவதில்லை. கண்ணாடிகள் உள்ளுக்குள்ளேயே நகர்கின்றன. கேமராவோடு சேரும் வாயில் ரப்பர் வளையமும் இருப்பதால், போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் வரிசையாக ஏறும் ஜீப்புகள் கிளப்பும் தூசியில் நின்றபோதும் எனக்கு அச்சம் தோன்றியதில்லை.

இனி மலைப்படத்தின் உயிரான விஷயத்துக்கு வருகிறேன். போடிமெட்டுச் சரிவு மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு முகம். காலைச் சூரியன் சமவெளிப் பக்கமிருந்து நேராக அதன்மேல் விழுகிறது. பிற்பகலில் முகட்டுக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிடுவதால் சரிவு சீக்கிரமே நிழலுக்குப் போய்விடும். ஆகவே இந்தப் பாதையில் படம் எடுக்க நினைப்பவர் போடியில் இரவு தங்கி, இருள் பிரியும் நேரத்தில் ஏறத் தொடங்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தென்கிழக்கில் உதிக்கும். அப்போது வடக்கே குரங்கணிப் பக்கத்து முகடுகளை நோக்கினால் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து, ஒவ்வொரு மடிப்பின் ஒரு பக்கம் பொன்னாகவும் மறுபக்கம் நீலமாகவும் பிரிந்து தெரியும். இந்தப் பிரிவுதான் படத்துக்கு ஆழத்தைத் தருகிறது. அருகில் உள்ள முகடு கரும்பச்சையாகவும் அடுத்தது சாம்பல் பச்சையாகவும் அதற்கடுத்தது நீலமாகவும், கடைசி முகடு வானத்தோடு கலந்தும் நிற்கும். காற்றில் உள்ள மூலக்கூறுகள் குறைந்த அலைநீளம் கொண்ட நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால், இடையில் காற்று கூடக்கூட மலையும் நீலமாகிறது. 150 மி.மீ.-இல் அந்த நான்கு முகடுகளை மட்டும் சட்டத்துக்குள் அடைக்கும்போது, வைட் லென்ஸில் கரைந்துபோன அடுக்கு திடீரென எழுந்து நிற்பதை வியூபைண்டரிலேயே பார்க்கலாம். முதன்முறை அதைப் பார்த்த நிமிடம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு இடத்தை விட்டு நகரவே மனம் வரவில்லை.

அதே நீண்ட குவியத் தூரம்தான் இந்த லென்ஸின் சோதனையும். தொலைவில் உள்ள மலையை நெருக்கிக் காட்டும்போது இடையில் இருக்கும் புகைமூட்டத்தையும் சேர்த்தே நெருக்கிக் காட்டுகிறது. காலை பத்து மணிக்கு மேல் சமவெளி சூடாகி, அனல் எழுந்து காற்று நடுங்கத் தொடங்கிவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் 200-இல் மலை விளிம்பு குழைந்துதான் தெரியும். அதை லென்ஸின் குறை என்று சொல்வது நியாயமில்லை. புகைமூட்டத்துக்கு ஓரளவு மருந்து போலரைசர் பில்டர், அதாவது சிதறிய ஒளியில் ஒரு பகுதியைத் தடுக்கும், திருப்பக்கூடிய கண்ணாடி. சூரியனுக்குச் செங்குத்தான திசையில் பார்க்கும்போது அதன் வேலை உச்சத்தில் இருக்கும் என்பதால், மேலே சொன்ன வடக்குப் பார்வைக்கு அது மிகப் பொருத்தம். பில்டர் வாய் 67 மி.மீ.; எளிதில் கிடைக்கும் அளவு, விலையும் பெரிய வாய்களை விடக் குறைவு. ஆனால் வெயிலை மறைக்க இந்த லென்ஸின் முன் மாட்டும் ஹூட் ஆழமானது. அதை மாட்டிய நிலையில் விரலை உள்ளே விட்டு போலரைசரைத் திருப்புவது சிரமமாக இருப்பதால், நான் ஹூட்டைக் கழற்றிவிட்டு இடது உள்ளங்கையால் வெயிலை மறைத்துக்கொண்டு எடுக்கிறேன்.

பில்டர் பற்றிப் பேசும்போது எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லென்ஸ் வாங்கிய கடையிலேயே, பாதுகாப்புக்கு என்று சொல்லி மலிவான யுவி பில்டர் ஒன்றை மாட்டிக் கொடுத்தார்கள். முதல் மூணாறுப் பயணத்தில் 200 மி.மீ.-இல் எடுத்த படங்கள் ஒன்றுகூட கூர்மையாக இல்லை. தேயிலைச் செடிகளின் வரிசை பஞ்சு ஒட்டியது போல இருந்தது. லென்ஸ் பழுது என்றே முடிவு செய்து, திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தில் இருந்தேன். திருப்பும் முன் ஒரு நாள் மாலை மொட்டை மாடியில் டிரைபாடை வைத்து, எதிர்த் தெருவின் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்த எழுத்துகளை அந்த பில்டரோடு ஒரு முறையும் கழற்றிவிட்டு ஒரு முறையும் எடுத்தேன். கழற்றி எடுத்த படத்தில் எழுத்தின் ஓரத்தில் பெயின்ட் உரிந்திருந்தது கூடத் தெளிவாகத் தெரிந்தது. அன்றிலிருந்து அந்தக் கண்ணாடியை நான் தொடவில்லை. ஒரு பயணத்தின் படங்கள் போனது இன்னும் வருத்தம்தான். புதிதாக வாங்குகிறவர்கள் பயணத்துக்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

பில்டர் இல்லாத நிலையில் படத்தின் தரம் குறித்து எனக்குக் குறையே இல்லை. 2006-இல் வெளிவந்த வடிவமைப்பு என்று நம்புவது கடினம். நிறங்கள் பிரிவதைக் குறைக்கும் புளூரைட் கண்ணாடி ஒன்றும் யுடி கண்ணாடிகள் இரண்டும் உள்ளே இருப்பதால், வெளிர் வானத்தின் முன் நிற்கும் மொட்டைக் கிளைகளின் ஓரத்தில்கூட ஊதா நிறக் கசிவு என் கண்ணில் படவில்லை. எஃப்/5.6 முதல் எஃப்/11 வரை மூலைகள் வரை கூர்மை நிற்கிறது. எஃப்/16-க்கு மேல் போனால் ஒளி விளிம்பில் வளைவதால் கூர்மை குறையத் தொடங்குகிறது. தொலைவு மலைக்கு அவ்வளவு சிறிய துவாரம் தேவையும் இல்லை. போகஸ் வேகமாகவும் ஓசையின்றியும் பிடிக்கிறது. பக்கவாட்டில் உள்ள சுவிட்சை மூன்று மீட்டருக்கு அப்பால் என்ற நிலையில் வைத்துவிட்டால், அருகில் ஆடும் புல்லில் சிக்கித் தடுமாறுவதும் குறைகிறது. மூடுபனிக்குள் மட்டும் போகஸ் பிடிக்க எதுவும் கிடைக்காமல் முன்னும் பின்னும் அலையும். அப்போது கையால் திருப்புவதே நல்லது.

நடுக்கத் தடுப்பு நான்கு ஸ்டாப் வரை உதவும் என்கிறது நிறுவனம். என் கையில் மூன்று ஸ்டாப் நம்பகமாகக் கிடைக்கிறது. அதாவது 200 மி.மீ.-இல் வழக்கமாக நொடியில் 200-இல் ஒரு பங்கு வேண்டிய இடத்தில் 25-இல் ஒரு பங்கு வரை கையிலேயே பிடித்து எடுக்க முடிகிறது. விடியற்காலையில் இது பெரிய உதவி, ஏனென்றால் கொண்டை ஊசி வளைவின் ஓரத்தில் டிரைபாடை விரிக்க இடம் இருப்பதில்லை, விரித்தாலும் லாரி கடக்கும் ஒவ்வொரு முறையும் தரை அதிர்கிறது. வளைவில் வண்டியை நிறுத்தவே கூடாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். மேலே ஏறி வரும் பேருந்துக்கு வளைவின் முழு அகலமும் வேண்டும். அகலமான ஓரம் கிடைக்கும் வரை பொறுத்திருந்து, என்ஜினை அணைத்துவிட்டுத்தான் ஜன்னலில் லென்ஸை வைக்க வேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் அதன் நடுக்கம் நேராக லென்ஸுக்கு ஏறும். ஜன்னலில் வைக்க நான் பயன்படுத்துவது தேனிச் சந்தையில் வாங்கிய இரண்டு கிலோ கம்பை நிரப்பி வாயைத் தைத்த மஞ்சப்பை. ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கி அதன்மேல் பையைக் கவிழ்த்து, நடுவில் குழி செய்து லென்ஸை அமர்த்தினால், தானியம் இருபுறமும் நகர்ந்து லென்ஸைத் தொட்டில் போலப் பிடித்துக்கொள்கிறது.

டிரைபாடில் பொருத்தும் கழுத்து வளையம் இந்த லென்ஸோடு வருவதில்லை, தனியாக வாங்க வேண்டும். இந்த விலைக்கு அதைச் சேர்த்தே கொடுத்திருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. வளையம் இல்லாமல் கேமராவை டிரைபாடில் வைத்தால் முன்பாரம் கூடி, இறுக்கிய பிறகும் சட்டம் மெல்லக் கீழே சரிகிறது. பல படங்களை ஒட்டி அகலப் படம் செய்ய விரும்புகிறவர்களுக்கு இந்த வளையம் அவசியம். மூணாறுக்கு அருகே உள்ள கேப் ரோட்டிலிருந்து பைசன்வேலிப் பள்ளத்தாக்கை அப்படித்தான் எடுத்தேன்: கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, 100 மி.மீ.-இல் ஒன்றோடொன்று மூன்றில் ஒரு பங்கு மேற்படியும்படி ஏழு படங்கள். வெளிச்ச அளவையும் வெண்மைச் சமநிலையையும் கையால் நிலைநிறுத்திவிட்டதால் இணைப்புக் கோடு எங்கும் தெரியவில்லை. தேயிலைச் சரிவில் நிற்கும் ஒவ்வொரு நிழல் மரத்தையும் அதில் எண்ணலாம்.

அதே மூணாறுப் பாதையில் உள்ள ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் 70-இன் எல்லை தெரியவரும். தண்ணீரையும் கரையையும் மேல் சரிவுகளையும் ஒரே சட்டத்தில் கொண்டுவர முடியாது. அங்கே வைட் லென்ஸ்தான் வேண்டும். வால்பாறைப் பாதையின் 40 வளைவுகளில் ஒன்பதாவதில் இருக்கும் லோம்ஸ் காட்சி முனையில் நின்று ஆழியாறு அணையைப் பார்க்கும்போது 70-இலேயே சட்டம் நன்றாக அமைகிறது. அந்தப் பகுதியில் பாறைகளில் நிற்கும் வரையாடுகளைத் தொந்தரவு செய்யாமல் எட்ட நின்று, பின்னணி மலையோடு சேர்த்து எடுக்க 200 போதுமானதாக இருக்கிறது.

குளிர்சாதனம் ஓடும் காரிலிருந்து அடிவாரத்தின் ஈரமான, வெதுவெதுப்பான காற்றுக்குள் லென்ஸை எடுத்தால் முன்கண்ணாடி உடனே வியர்த்துவிடும். துடைக்கத் துடைக்க மீண்டும் படியும். நிற்கப்போகும் இடத்துக்கு இருபது நிமிடங்களுக்கு முன்பே குளிர்சாதனத்தை அணைத்து ஜன்னல்களைத் திறந்துவிடுவது ஒன்றே வழி.

இதன் இரண்டாம் பதிப்பு 2018-இல் வந்தது. நடுக்கத் தடுப்பு ஐந்து ஸ்டாப், பில்டர் வாய் 72 மி.மீ. கேனானின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகை) கேமரா வைத்திருப்பவர்களுக்கு 2020-இல் வெளியான ஆர்எஃப் பதிப்பு 695 கிராம் எடையில், பையில் குறைவான இடத்தில் அடங்கும் நீளத்தில் கிடைக்கிறது. ஜூம் செய்யும்போது அது நீளும். பழைய லென்ஸையே அடாப்டர் மூலம் புதிய கேமராவில் மாட்டவும் முடியும். மலைப்படங்களுக்கு மட்டும் என்றால், முதல் பதிப்பை நல்ல நிலையில் பழையதாக வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

வாங்கும்போது முன்னும் பின்னும் மூடிகளைக் கழற்றி, கைபேசி டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து, முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். நடுக்கத் தடுப்பை இயக்கி, ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியதும் வியூபைண்டரில் காட்சி நிலைபெறுகிறதா என்று பாருங்கள். மலைப்பயணம் முடிந்து வீடு திரும்பியதும் லென்ஸை ஈரப் பையிலேயே விட்டுவிடாமல், ஒரு நாள் காற்றாட வைத்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் மூடி வையுங்கள். என்னுடையது அப்படித்தான் இத்தனை மழைக்காலங்களையும் கடந்து தெளிவாக இருக்கிறது.