போர்ட்ஸ்மவுத் செல்வோர் கவனத்திற்கு: வீடு எந்தக் கரையில் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்ஸ்மவுத்துக்குக் கடந்த செப்டம்பரில் இரண்டு இரவுப் பயணமாகச் சென்று, 640 பவுண்டு கட்டி ஏமாந்த விவரத்தை, வயதான பெற்றோருடன் அங்கே செல்ல எண்ணியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். அந்த ஊரின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்களுக்குப் பயணத்தை விற்றவர் மீதுதான் குறை.

என் அப்பா பள்ளியில் வரலாறு கற்பித்தவர். டிராஃபல்கர் போரில் 1805இல் நெல்சன் உயிர்விட்ட விக்டரி கப்பலையும், எட்டாம் ஹென்றியின் காலத்தில் 1545இல் மூழ்கி 1982இல் கடலடியிலிருந்து மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸையும் ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. அலைச்சல் இல்லாமல் இருக்கட்டும் என்று, தங்குமிடம், கப்பல்களுக்கான நுழைவுச்சீட்டு, ஸ்பின்னக்கர் கோபுரச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் தருவதாக இணையத்தில் விளம்பரம் செய்திருந்த ஒரு சிறிய பயண ஏற்பாட்டாளரிடம் பதிவு செய்தேன். தரைத்தள வீடு, துறைமுகத்துக்கு நேர் எதிரே, விக்டரி கப்பலுக்குப் பத்து நிமிடம் என்று அவர் எழுத்திலேயே உறுதி கூறியிருந்தார். உடன் அனுப்பிய படத்தில் ஒரு சன்னலும், அதற்கு வெளியே நீர்ப்பரப்பும், நீருக்கு அப்பால் 170 மீட்டர் உயரக் கோபுரமும் தெரிந்தன.

வீட்டின் முழு முகவரி, நாங்கள் லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயில் ஏறிய பிறகுதான் கைப்பேசிக்கு வந்தது. அது போர்ட்ஸ்மவுத்தே அல்ல, கோஸ்போர்ட். துறைமுக வாயின் கிழக்குக் கரையில் போர்ட்ஸ்மவுத்தும் மேற்குக் கரையில் கோஸ்போர்ட்டும் இருக்கின்றன. இடையில் பாலம் கிடையாது. படகில் சில நிமிடங்களில் கடந்துவிடலாம் என்றாலும், சாலை வழியாகச் செல்வதென்றால் வடக்கே ஃபேர்ஹாம் என்ற ஊரைச் சுற்றிக்கொண்டு இருபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். கோஸ்போர்ட்டில் ரயில் நிலையமும் இல்லை. நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகம் உள்ள நல்ல ஊர்தான் அது. ஆனால் நாங்கள் பணம் கட்டியது அந்த ஊருக்கு அல்ல.

பெட்டிகளோடு படகேறி, இறங்கி, டாக்சி பிடித்துப் போய்ச் சேர்ந்தால், வீடு இரண்டாவது மாடியில் இருந்தது, லிஃப்ட் இல்லை. வாசலில் பொருத்தியிருந்த சாவிப்பெட்டியில் இரண்டு எண் பொத்தான்கள் துருவேறி உள்ளே அழுந்திக் கிடந்தன. ஏற்பாட்டாளர் தொலைபேசியை எடுக்கவில்லை. ஐம்பது நிமிடங்கள் அம்மா நடைபாதையில் சூட்கேஸின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எண்ணெய் கொண்டுவந்து விட்டுத் திறந்துகொடுத்த பிறகு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்து நின்று நின்று ஏறினார். முப்பத்து நான்கு படிகள். அவர் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

உள்ளே போய்ச் சன்னல் திரையை விலக்கியபோதுதான் எல்லாம் விளங்கிற்று. அந்தக் கோபுரம் நிற்பது போர்ட்ஸ்மவுத் கரையில். அது அகன்ற துறைமுக நீருக்கு அப்பால் தெரிகிறதென்றால், பார்க்கிற சன்னல் எதிர்க்கரையில் இருக்கவே வாய்ப்பு அதிகம். அங்கே வீடு பார்க்கிற எவரும் படத்தில் கோபுரம் நீருக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். முகவரியின் அஞ்சல் குறியீட்டைப் பணம் கட்டும் முன்பே கேட்டு வாங்கி, வரைபடத்தில் பாருங்கள்.

மறுநாள் கப்பல் தளத்தின் வாயிலில், எங்களிடம் இருந்த சீட்டு விக்டரிக்கு மட்டுமே செல்லும் என்றார்கள். மேரி ரோஸுக்குத் தனியாகப் பணம் கட்டினோம். விக்டரியிலோ, 2022இல் தொடங்கிய நீண்ட சீரமைப்புப் பணிக்காகப் பாய்மரங்கள் கழற்றப்பட்டு, சாரம் கட்டப்பட்டிருக்கிறது. கப்பலின் உள்ளே போய்ப் பார்க்கலாம், அப்பா மனநிறைவோடுதான் பார்த்தார். ஆனாலும் மூன்று பாய்மரங்களும் ஓங்கி நிற்கும் பழைய படத்தைக் காட்டி விற்றது நேர்மையல்ல. கோபுரச் சீட்டு வரவே இல்லை.

இனிப் பணம் பற்றி. கார்டில் கட்டினால் மூன்று விழுக்காடு கூடுதல் என்று சொல்லி, வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பச் சொன்னார், நானும் அனுப்பினேன். நுகர்வோரின் சொந்தக் கார்டுகளுக்கு அப்படிக் கூடுதல் கட்டணம் வாங்குவது பிரிட்டனில் 2018 ஜனவரி முதலே தடை செய்யப்பட்டுள்ளது என்பது பின்னால்தான் தெரிந்தது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ளவற்றுக்கு, 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடமே இழப்பீடு கேட்டிருக்க முடியும். வங்கிப் பரிமாற்ற மோசடிக்குப் பணத்தைத் திருப்பித் தரும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது உண்மை. ஆனால் ஏதோ ஒரு வீடு கொடுக்கப்பட்டுவிட்டதால் இது மோசடி அல்ல, விற்றவருக்கும் உங்களுக்கும் இடையிலான வழக்கு என்று என் வங்கி கைவிரித்துவிட்டது.

எனக்கு மிஞ்சியிருப்பது 2018ஆம் ஆண்டின் தொகுப்புப் பயண விதிகள். தங்குமிடத்தையும் நுழைவுச்சீட்டுகளையும் முக்கிய அம்சங்களாகக் காட்டி ஒரே விலைக்கு விற்றவர், வீடு இன்னொருவருடையது என்று சொல்லி நழுவ முடியாது. சொன்னபடி எல்லாம் நடப்பதற்கு அவரே பொறுப்பு. அதன் அடிப்படையில், விளம்பரப் படம், எழுத்தில் தந்த உறுதி, துருவேறிய பொத்தான்களின் படம், மேரி ரோஸ் ரசீது ஆகியவற்றை இணைத்து, பதினான்கு நாள் கெடு வைத்துக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போவேன்.

அதே சன்னல், அதே கோபுரம் உள்ள படத்தைச் சென்ற வாரம் வேறொரு பெயரிலான விளம்பரத்தில் பார்த்தேன். இம்முறை கப்பல் தளத்துக்கு ஐந்தே நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள்.