ஈரோட்டு வெயிலில் மீன் தொட்டி: எனக்குக் கைகொடுத்த ஃபில்டர்

மீன் தொட்டிக்கு எந்த ஃபில்டர் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், உங்கள் வீட்டில் என்ன தண்ணீர், யுபிஎஸ் இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்பேன். பெட்டியின் மேல் மணிக்கு 600 லிட்டர், 1000 லிட்டர் என்று போட்டிருப்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஈரோட்டில் எங்கள் வீட்டு மூன்றடித் தொட்டியில் பல வருடங்களாக மீன் ஓடுகிறது. பக்கத்தில் தொங்கும் ஃபில்டர், மூடியோடு வரும் டாப் ஃபில்டர், உள்ளேயே மூழ்கிக் கிடக்கும் மோட்டார் ஃபில்டர் எல்லாம் அதில் மாறி மாறி இருந்துவிட்டன. இப்போது இருப்பது இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் அவற்றுக்குக் காற்று கொடுக்கும் ஓர் ஏர் பம்பும்தான். எல்லாவற்றிலும் விலை குறைந்தது இதுதான். நம் பக்கத்து வெயிலுக்கும் போர் தண்ணிக்கும் கரண்ட் கட்டுக்கும் இதுதான் தோது என்பது என் கட்சி.

வெயிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அதுவே ஏழரைக்கு வந்துவிடும். சித்திரை மாதம் எங்கள் ஹாலில் தொட்டித் தண்ணீர் 32, 33 டிகிரி சாதாரணமாகக் காட்டும். சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சும் அதிகம் தேவைப்படும். வரவு குறையும் நேரத்தில் செலவு கூடுகிறது. 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களுக்குத் திணறல்தான். தண்ணீர் பளிங்கு போல இருக்கிறதே என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும். தெளிவுக்கும் ஆக்ஸிஜனுக்கும் சம்பந்தம் கிடையாது.

அதிலும் கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீரில் வாழ வேண்டிய மீன். ஊட்டியில் வைத்துக்கொண்டால் சந்தோஷமாக இருக்கும், ஈரோட்டில் அதைக் காப்பாற்றுவது தண்டனை, நமக்கும் அதற்கும். இப்போது என்னிடம் மோலி, கப்பி, இரண்டு கௌராமி. மோலிக்கும் கப்பிக்கும் கடினத் தண்ணீர் ஒத்துவரும். கௌராமி தேவைப்பட்டால் மேலே வந்து வெளிக்காற்றையே குடித்துக்கொள்ளும்.

ஏர் பம்ப் டியூபின் நுனியில் மாட்டும் ஏர் ஸ்டோனிலிருந்து வரும் குமிழிகளே தண்ணீரில் கரைந்து ஆக்ஸிஜன் ஆகின்றன என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வீட்டுத் தொட்டியின் ஒன்றரை அடி ஆழத்தில் குமிழி மேலே வந்துசேரும் நேரத்துக்குள் கரைவது கொஞ்சம்தான். அடித் தண்ணீரை மேலே தூக்கிக்கொண்டுவந்து மேற்பரப்பைக் கலக்கிவிடுவதுதான் அதன் முக்கியமான வேலை. ஆக்ஸிஜன் பெரும்பாலும் அந்த மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது. ஆகவே மோட்டார் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் அதன் வாயை மேல்நோக்கித் திருப்பி, தண்ணீர் அலையடிக்கும்படி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. முழுக் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். தொட்டியில் செடி இருந்தால், லைட் அணைத்தபின் அதுவும் ஆக்ஸிஜனைத்தான் எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன் மேலே மிதந்து திணறுவதற்குப் பல வீடுகளில் காரணம் இதுதான். ராத்திரி சத்தமாக இருக்கிறது என்று பம்பை அணைக்கக்கூடாது. பம்புக்கு அடியில் பழைய துண்டை மடித்து வைத்தால் சத்தம் அடங்கும்.

சரி, ஃபில்டரைக் கழுவுவதற்கு வருவோம். தண்ணீர் மாற்றும் நாளில் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து, ஸ்பாஞ்சை அதிலேயே நாலு பிழி பிழிந்துவிட்டுத் திரும்ப மாட்டிவிடுவேன். அம்மா இதைப் பார்க்கும்போதெல்லாம், "ஏஞ்சாமி, அழுக்குத் தண்ணியிலயே அழுக்க அலசறயே, பைப்புல காட்டுனா ஆகாதா?" என்பார். ஆகாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கின்றன. குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும், அவற்றைக் கொன்றுவிடும். புதுத் தொட்டியில் அவை பெருகி நிலைக்க நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். பளிச்சென்று கழுவிய ஸ்பாஞ்ச் என்றால் அந்த ஆறு வாரத்தைத் திரும்ப ஆரம்பிப்பதுதான். இரண்டு ஸ்பாஞ்ச் வைத்திருப்பதும் இதற்காகத்தான், ஒரே நாளில் இரண்டையும் தொடுவதில்லை. பிழிந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகிறது. செடி மீனைவிட நன்றாக வளர்கிறது.

அந்த பாக்டீரியாவுக்கும் ஆக்ஸிஜன் வேண்டும் என்பதைக் கடைகளில் சொல்வதில்லை. அம்மோனியாவில் இருக்கும் ஒரு கிராம் நைட்ரஜனை நைட்ரேட் வரை கொண்டுபோக நாலரை கிராம் ஆக்ஸிஜன் செலவாகிறது. அடைத்துப்போன ஃபில்டர் மீனோடு ஆக்ஸிஜனுக்குப் போட்டி போடும், அம்மோனியாவும் தேங்கும். தண்ணீரின் பிஎச்சும் (காரத்தன்மையின் அளவு) சூடும் ஏறினால் அம்மோனியாவின் விஷமும் ஏறும். நம் பக்கத்துப் போர் தண்ணிக்கு இரண்டும் உண்டு.

போர் தண்ணி என்றதும் அது படியவிடும் உப்புப் பொறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏர் ஸ்டோன் அடைவது, மோட்டார் ஃபில்டருக்குள் சுழலும் சின்ன விசிறியான இம்பெல்லர் சுற்றாமல் கரகரவென்று சத்தம் போடுவது, கண்ணாடியில் வெள்ளைக் கோடு விழுவது எல்லாம் அதன் வேலை. இம்பெல்லரையும் ஏர் ஸ்டோனையும் ராத்திரி வினிகரில் ஊறவைத்துக் காலையில் நன்றாக அலசினால் தீரும். கோடையில் தொட்டியின் மேல் சின்ன ஃபேன் ஓட்டினால் நம் வறண்ட காற்றுக்கு இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். வற்றியதை மறுபடியும் போர் தண்ணியால் நிரப்பிக்கொண்டே போனால் உப்பு ஏறிக்கொண்டேதான் போகும். வற்றியதற்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்றுகிறேன். வாராவாரம் கால்வாசி மாற்றும்போது குளோரின் போக்கிய ஆற்றுத் தண்ணீர். முதல் நாளே டிரம்மில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு வைப்பேன், அவசரம் என்றால் ஆன்ட்டி குளோரின் சொட்டு.

கரண்ட்டுக்கு வருவோம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். ஏர் பம்ப் இழுப்பது சில வாட்தான், யுபிஎஸ்ஸில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் ஒன்றும் அலமாரியில் உண்டு. கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் பகுதியில் என் மச்சான் செடித் தொட்டி வைத்திருக்கிறார், தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டரோடு. பார்க்க அத்தனை அழகு. ஆனால் ஓட்டம் நின்று சில மணி நேரமானால் அந்த மூடிய டப்பாவுக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும், தண்ணீர் கெடும். கரண்ட் வந்ததும் தானாக ஓட விட்டால் கெட்டதெல்லாம் தொட்டிக்குள் வந்து விழும். அவர் இப்போது டப்பாவைக் கொட்டி, புதுத் தண்ணீர் நிரப்பிய பிறகுதான் சுவிட்ச் போடுகிறார். பம்புக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு அவருக்கு வாய்த்த மோட்டார் சீனத்து மோட்டார், அது தனிக்கதை.

ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லையென்றால் டியூபில் தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியே திரும்பி இறங்கி பம்புக்குள் புகுந்துவிடும். காற்று குறைந்தால் பம்பைத் தூக்கிப்போட வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்திருக்கும், அது தனியாகக் கிடைக்கும்.

ஃபில்டருக்குள் போடும் கார்பன் பொட்டலம் பற்றியும் கேட்கிறார்கள். நம் காங்கயம், பொள்ளாச்சிப் பக்கம் கொட்டாங்குச்சிக் கரிக்குப் பஞ்சமில்லை, அதைப் பக்குவப்படுத்தியதுதான் நல்ல கார்பன். இருந்தாலும் ஒரு மாதத்தில் அதன் சக்தி தீர்ந்துவிடும். மருந்து போட்ட பிறகு மிச்சத்தை இழுக்க மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன்.

எல்லாருக்கும் ஸ்பாஞ்ச் போதும் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்கர் மாதிரி பெரிய மீன் வைத்தால் அது போடும் கழிவுக்கு ஸ்பாஞ்ச் தாங்காது, மோட்டார் ஃபில்டர் வேண்டும். கார்பன் டை ஆக்சைடு விட்டுச் செடி வளர்ப்பவர்கள் பகலில் மேற்பரப்பை இப்படிக் கலக்கினால் விட்ட வாயு வெளியே போய்விடும். அவர்கள் லைட் அணைந்த பிறகு ஏர் பம்பை டைமரில் ஓட விடலாம்.